ஒரு மணி நேரம் என் மண்டையைக் கடன் கொடுத்தேன்: மூளை ஸ்கேன் விமர்சனம்

காசு கொடுத்து வாங்கிய மிக்ஸிக்கும் செருப்புக்கும் எல்லோரும் விமர்சனம் எழுதுகிறார்கள். நான் ஒரு மணி நேரம் என் மண்டையைக் கடன் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அதற்கு எழுதுகிறேன். மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு போன்ற மனநிலைக் கோளாறுகள் உள்ளவர்களின் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கும் ஓர் ஆய்வில் நான் தன்னார்வலர். அதே சமயத்தில் என் அத்தை மகன் வேறொரு இடத்தில் காசு கட்டித் தன் மூளையைப் படம் எடுத்து, வண்ண வண்ணமாக ஓர் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். இரண்டு கதையையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும், பிரித்தால் சரியாக வராது.

எனக்கு இரண்டு தடவை மனச்சோர்வு வந்து போயிருக்கிறது. இரண்டாவது இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதுதான் உண்மை. மாத்திரை சாப்பிடுகிறேன், மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறேன். அவர்தான் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். நான் உடனே சரி என்றதற்குக் காரணம் விஞ்ஞானப் பற்றெல்லாம் கிடையாது. கால் உடைந்தால் எக்ஸ்ரே இருக்கிறது, அதைத் தூக்கிக் காட்டினால் ஒருத்தரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இதோ பாருங்கள், இந்த இடத்தில்தான் கோளாறு, நான் சோம்பேறி இல்லை என்று வீட்டில் காட்ட ஒரு படம்.

முதல் நாள் ஸ்கேன் இல்லை, கேள்வி மட்டும்தான். கேள்வி என்றால் சும்மா இல்லை, இரண்டு மணி நேரம். தூக்கம் எப்போது கலைகிறது, பசி இருக்கிறதா, குற்ற உணர்வு இருக்கிறதா, சாக வேண்டும் என்று தோன்றியதா, எத்தனை நாள், எவ்வளவு நேரம். அதில் ஒன்று ஹாமில்டன் அளவுகோல், 17 கேள்வி, 1960-ல் வெளிவந்தது. அறுபது வருஷத்துக்கு முந்திய ஒரு கேள்வித்தாளை வைத்துத்தான் என்னை 'நோயாளி' குழுவில் சேர்த்தார்கள், அப்புறம்தான் அந்த ராட்சச இயந்திரத்துக்கே அனுப்பினார்கள். எனக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. எது மனச்சோர்வு, எது இல்லை என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பது இந்தப் பேச்சுதான். படத்தில் தெரிவது சரியா தப்பா என்று சரிபார்க்கவும் திரும்ப இந்தப் பேச்சிடம்தான் வர வேண்டும்.

படிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, நிறைய இருந்தன, மொழி கரடுமுரடு, அரை நட்சத்திரம் குறைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு கட்டம் மட்டும் மனதில் நின்றது. ஸ்கேனில் தற்செயலாக வேறு ஏதாவது தென்பட்டால், கட்டி மாதிரி, இரத்தக்குழாய் வீக்கம் மாதிரி, உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தார்கள். சொல்லுங்கள் என்று டிக் போட்டுவிட்டு மூன்று ராத்திரி தூங்கவில்லை.

ஸ்கேன் அன்று. அறைக்குள் போகும் முன்னால் இரும்பு விசாரணை. பேஸ்மேக்கர் உண்டா, காதுக்குள் கருவி உண்டா, வெல்டிங் வேலை செய்தபோது கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா, உடம்பில் எங்கேயாவது கம்பி, திருகு, தோட்டா. தோட்டாவா என்று சிரித்தேன், டெக்னீஷியன் தம்பி சிரிக்கவில்லை. அந்தக் காந்தம் 3 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய அறுபதாயிரம் மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போகிற சமாச்சாரம் இல்லை. ஆக்சிஜன் உருளையை மறந்து உள்ளே கொண்டுபோனால் அது பறந்து போய்க் குழாய்க்குள் பாயும். அதனால் சிரிக்காமல் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

படுக்கையில் படுக்க வைத்தார்கள். காதில் பஞ்சு, அதன் மேல் ஹெட்போன். தலையைச் சுற்றிக் கிரிக்கெட் ஹெல்மெட்டின் கம்பி வலை மாதிரி ஒரு கூண்டு, அதற்குக் காயில் என்று பெயர். தலை அசையாமல் இருக்க இரண்டு கன்னத்துக்கும் பக்கத்தில் ஸ்பாஞ்ச் திணித்தார்கள். கூண்டின் மேல் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி, அதில் என் தலைமாட்டில் இருக்கிற திரை தெரியும். வலது கையில் இரண்டு பொத்தான் உள்ள பெட்டி, இடது கையில் ரப்பர் பந்து. பயந்தால் பந்தை அமுக்குங்கள், உடனே வெளியே எடுத்துவிடுவோம் என்றார் அந்தத் தம்பி. அந்தப் பந்துக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம். அமுக்கவே இல்லை, ஆனால் அது கையில் இருந்ததால்தான் நாற்பத்தைந்து நிமிடம் தாக்குப் பிடித்தேன்.

சத்தத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், இருந்தும் போதாது. நூறு டெசிபலைத் தாண்டும். முதலில் டக் டக் டக், அப்புறம் யாரோ பக்கத்துச் சுவரில் துளை போடுகிற மாதிரி, அப்புறம் பழைய ஃபேக்ஸ் இயந்திரம் கத்துகிற மாதிரி. உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை நொடிக்குப் பலநூறு தடவை மாற்றி மாற்றி விடுகிறார்கள், அது பெரிய காந்தத்தின் நடுவில் இருப்பதால் சுருள்கள் அதிர்கின்றன, அந்த அதிர்வுதான் சத்தம். காரணம் தெரிந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

முதல் சில நிமிடம் வெறும் வடிவப் படம். ஒன்றும் செய்ய வேண்டாம், கிடந்தால் போதும். அப்புறம் வந்தது எனக்குப் பிடிக்காத பகுதி. திரையில் ஒரு கூட்டல் குறி. "அதையே பாருங்க சார், எதையும் குறிப்பா நினைக்க வேண்டாம், ஆனா தூங்கிடாதீங்க" என்று ஹெட்போனில் குரல். எட்டு நிமிடம். மனச்சோர்வு உள்ளவனிடம் போய் எதையும் நினைக்காதே என்பது, வழுக்குப் பாறையில் நிற்க வைத்து வழுக்காதே என்பது மாதிரி. ஒரு நிமிடம் ஆவதற்குள் பழைய வேலையில் நான் சொதப்பிய ஒரு விஷயம் வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. பிறகு மூக்கு நுனி அரிக்க ஆரம்பித்தது. கையைத் தூக்க முடியாது. அந்த அரிப்பில் பழைய வேலை மறந்தே போனது. அன்று என் மூளையில் ஏதாவது பதிவாகியிருந்தால் அது மூக்குதான்.

வெளியே வந்து கேட்டபோதுதான் தெரிந்தது, இந்தச் 'சும்மா இருக்கும்' ஸ்கேனுக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. 1995-ல் பரத் பிஸ்வால் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கவனித்தார்கள், ஆள் கையைக் காலை அசைக்காமல் கிடக்கும்போதும் மூளையின் இடது, வலது இயக்கப் பகுதிகள் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் ஏறி இறங்குகின்றன. 2001-ல் மார்கஸ் ரெய்க்கிள் குழு, வேலை ஒன்றும் இல்லாதபோதுதான் சுறுசுறுப்பாக இருக்கிற ஒரு வலைப்பின்னலைப் பற்றி எழுதியது. தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதோடு அந்த வலைப்பின்னலுக்குத் தொடர்பு உண்டு. அசை போடுவது மனச்சோர்வின் பெரிய அடையாளம் என்பதால் எங்களைப் போன்றவர்களிடம் அதைத் தேடுகிறார்கள். ஆக, என் பழைய வேலைக் கதை அவர்களுக்கு இடைஞ்சல் இல்லையாம், அதுதான் சரக்கே.

மூன்றாவது பகுதி முகங்கள். மேலே ஒரு முகம், கீழே இரண்டு. மேலே இருப்பவர் பயந்திருந்தால் கீழே பயந்திருப்பவர் எந்தப் பக்கம், பொத்தானை அமுக்கு. நடுநடுவே முகத்துக்குப் பதில் வெறும் வட்டமும் நீள்வட்டமும் வரும். முகம் பார்த்தபோது வந்த சிக்னலிலிருந்து வட்டம் பார்த்தபோது வந்த சிக்னலைக் கழித்தால் மிச்சம் இருப்பது உணர்ச்சி தொடர்பானது என்பது கணக்கு. இதில் முக்கியமாகப் பார்ப்பது அமிக்டலா, காதுக்கு உள்பக்கமாக ஆழத்தில் இருக்கும் பாதாம் பருப்பு வடிவச் சமாச்சாரம். 2001-ல் யெவெட் ஷெலைன் குழு, மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் பயந்த முகங்களைக் காட்டியபோது இடது அமிக்டலா அதிகமாகத் துள்ளியது, மருந்து சாப்பிட்ட பிறகு அடங்கியது என்று காட்டினார்கள். முகம் நன்றாகத் தெரிகிற என் மாதிரிச் சோதனையில் பத்து நிமிடத்துக்குப் பிறகு எந்த முகத்தைப் பார்த்தாலும் என் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியே தெரிந்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. இந்த இயந்திரம் எண்ணத்தையோ வருத்தத்தையோ பார்ப்பதில்லை. நரம்பணுக்கள் வேலை செய்வதைக்கூட நேரடியாகப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது இரத்தத்தை. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் காந்தத்துக்கு வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. 1990-ல் செய்ஜி ஒகாவா எலிகளில் இதைப் படமாகக் காட்டினார், 1992-ல் மனிதர்களிடமும் எடுத்துவிட்டார்கள். மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, அதுவும் சாவகாசமாக ஐந்து ஆறு நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வருகிறது. படத்தின் ஒவ்வொரு குட்டிக் கட்டமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர், அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள். வாசலில் இருக்கிற கரன்ட் மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று பார்த்து, உள்ளே மாமியார் மருமகளிடம் என்ன சொன்னார் என்று ஊகிக்கிற வேலை இது. எந்த அறையில் விளக்கு எரிகிறது என்பது வரைக்கும் சொல்லிவிடலாம், அதுவே பெரிய சாதனைதான்.

எழுந்து வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஆய்வை நடத்துகிற டாக்டரின் அறைக்குப் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அம்மா, மனநல மருத்துவர், இருபது வருஷமாக இதே வேலை. என் மூளையின் கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையில் போட்டு மௌஸை உருட்டிக் காட்டினார். நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் துண்டு துண்டாக ஓடியது. வால்நட் பருப்பு மாதிரி என்பார்களே, நிஜமாகவே அப்படித்தான். மனது படபடத்தது. கேட்டேவிட்டேன்.

"மேடம், இதுல என் டிப்ரஷன் எங்க இருக்கு?"

அவர் மௌஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இதுல இல்லை சார். உங்க படத்தை மட்டும் வச்சு என்னால எதுவும் சொல்ல முடியாது. நூத்துக்கணக்கான பேர் படத்தைச் சேர்த்துப் போட்டா லேசா ஒரு நிழல் மாதிரி தெரியும். அந்த நிழலும் உங்ககிட்ட இருக்கணும்னு கட்டாயம் இல்லை."

இருபது வருஷம் இதையே செய்கிறவர் இப்படிச் சொன்னதும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவர் சில எண்களைச் சொன்னார், வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 2016-ல் எனிக்மா என்ற உலகளாவிய கூட்டு முயற்சி, மனச்சோர்வு உள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டது. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் நோயாளிகளிடம் சராசரியாகச் சிறியதாக இருந்தது. சிறியது என்றால் எவ்வளவு? புள்ளியியல்காரர்கள் வித்தியாசத்தின் பருமனை ஓர் எண்ணால் சொல்வார்கள், இங்கே அது 0.14. சராசரி ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உயர வித்தியாசம் இதன் பக்கத்தில் நின்றால் மலை. 2022-ல் இன்னொரு குழு 1,809 பேரை எடுத்து, மூளையின் அமைப்பு, இணைப்பு, செயல்பாடு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தது. நோயுள்ளவர்கள் வரைபடமும் இல்லாதவர்கள் வரைபடமும் 87 முதல் 95 சதவீதம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தன. மூளைப் படத்தின் ஓர் அளவைப் பார்த்து இவர் எந்தக் குழு என்று சொன்னால் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு, ஐம்பத்தாறு தடவைதான் சரியாக வந்தது. காசைச் சுண்டினாலே ஐம்பது வரும்.

அப்படியானால் பத்திரிகையில் மாதம் ஒன்று வருகிறதே, மனச்சோர்வின் இருப்பிடம் கண்டுபிடிப்பு என்று? கேட்டதற்கு அந்த அம்மா அலுத்துக்கொண்டே சொன்னார், இருபது பேர் முப்பது பேரை வைத்துச் செய்த ஆய்வுகள் சார் அதெல்லாம் என்று. சின்ன ஆய்வில் தற்செயலாகப் பெரிய வித்தியாசம் வந்தால் அச்சாகும், வராவிட்டால் மேசை டிராயருக்குள் தூங்கும். 2022-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை, மூளை அளவுகளையும் மனதின் குணங்களையும் இணைத்து நம்பகமாக ஏதாவது சொல்ல ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இன்னொரு கூத்து. ஒரே ஸ்கேன் தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே ஒன்பது கேள்விக்கு விடை கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை, பல கேள்விகளுக்கு விடையும் ஒத்துப்போகவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது செத்த மீன் கதை. 2009-ல் கிரேக் பென்னட் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று முறைப்படி கேட்டார்கள். வழக்கமான கவனக்குறைவோடு கணக்குப் போட்டபோது மீனின் மூளையில் ஒரு புள்ளி சிவப்பாக வந்தது. ஆயிரக்கணக்கான கட்டங்களைத் தனித்தனியாகச் சோதித்தால் சும்மாவேனும் சில கட்டங்கள் தேறிவிடும், அதற்குத் திருத்தம் செய்ய வேண்டும். திருத்தம் செய்ததும் மீன் பழையபடி செத்துவிட்டது. 2012-ல் இதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்கான பரிசு அது.

இப்போது அத்தை மகன். அவன் போன இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே எடுத்தது ஸ்பெக்ட் ஸ்கேன். கையில் கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசி போட்டு, அது மூளையில் எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது. இந்த ஸ்கேனைக் குறை சொல்லவில்லை, வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடும்போது இதனால் உண்மையான பயன் உண்டு. ஆனால் இவன் போனது தூக்கமின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும். அறிக்கையில் அவன் மூளை வழவழ என்று முப்பரிமாணத்தில், அங்கங்கே ஓட்டை. "பாருடா, எனக்கு மூளையில ஓட்டை" என்றான். குரலில் பயம் பாதி, பெருமை பாதி. அவனுக்காவது ஒரு படம் கிடைத்துவிட்டதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அது ஓட்டை இல்லை. இரத்த ஓட்டம் இந்த அளவுக்குக் கீழே போனால் அந்த இடத்தை வரையாதே என்று கணினிக்கு ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறார்கள். கோட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் யார் மூளையிலும் ஓட்டை வரும், தாழ்த்தினால் இவன் மூளையும் பலாப்பழம் மாதிரி முழுசாக இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்த நிறங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சத்து மாத்திரைப் பட்டியல், அதே இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது. அவனோடு உட்கார்ந்து பேசிய நேரம் பத்து நிமிடம். கடைசியில் தூங்குவதற்கு எழுதிக் கொடுத்த மருந்து, ஸ்கேன் இல்லாமல் எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்திருக்கக்கூடிய மருந்துதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் கூட்டிய நிபுணர் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையிலும் இதேதான்: மனநோயைக் கண்டறிய மூளைப் படங்கள் இன்னும் தயாராகவில்லை. மருத்துவர் திடீரென்று எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம், கட்டியோ பக்கவாதமோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள எடுப்பார்கள், அப்போது மறுக்காமல் எடுங்கள். படத்தைப் பார்த்து உங்கள் மனச்சோர்வு எந்த வகை என்று சொல்கிறோம் என்று விளம்பரம் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். இந்தச் சேவைக்கு என் மதிப்பெண் பூஜ்யம், அட்டை மட்டும் நல்ல கெட்டி அட்டை.

சரி, அப்போது அந்த டாக்டர் அம்மா இருபது வருஷமாக என்னதான் செய்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே கொஞ்சம் மரியாதையான வார்த்தையில் கேட்டேன். அவர் சொன்ன பெயர் ஹெலன் மேபெர்க். நரம்பியல் மருத்துவர், 1990-களில் பெட் (PET) ஸ்கேன் வைத்து ஆய்வு செய்தவர், அதுவும் கதிரியக்க மருந்தை ஊசி போட்டுப் பார்ப்பதுதான். 1999-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில், நல்ல நிலையில் இருப்பவர்களிடம் உங்கள் வாழ்க்கையில் நடந்த சோகத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் ஏரியா 25 என்று எண் போட்ட சின்ன இடம் இருக்கிறது, அங்கே இரத்த ஓட்டம் ஏறியது, சிந்தனைக்கான நெற்றிப் பகுதியில் இறங்கியது. மனச்சோர்விலிருந்து மீண்டவர்களைப் பார்த்தால் நேர் எதிர், 25 அடங்கி நெற்றிப் பகுதி எழுந்திருந்தது. அப்படியானால் அந்த இடத்தை நேரடியாகவே அடக்கினால் என்ன? 2005-ல் டொரன்டோவில் அறுவை சிகிச்சை நிபுணர் ஆன்ட்ரெஸ் லொசானோவோடு சேர்ந்து, எந்த மருந்துக்கும் அசையாத 6 நோயாளிகளுக்கு அங்கே மின்முனை பொருத்தினார்கள். ஆறு மாதம் கழித்தும் 4 பேர் நன்றாக இருந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா. முடியவில்லை. பிறகு 90 பேரை வைத்துப் பெரிய சோதனை, மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாதபடி. ஆறு மாத முடிவில் ஓடியவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் பலன், ஓடாதவர்களிலும் 17 சதவீதம். வித்தியாசம் இல்லை என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2017-ல் அந்த முடிவு வெளியானது. அதற்குப் பிறகும் கருவியைக் கழற்றாமல் இரண்டு வருஷம் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தேறினார்கள், ஆனால் அப்போது ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்குழு இல்லை. மேபெர்க் விட்டுவிடவில்லை, மின்முனை எந்த நரம்புப் பாதையில் உட்கார வேண்டும் என்று ஆளுக்கு ஆள் தனியாகப் படம் எடுத்துப் பார்த்துப் பொருத்துகிற முறைக்குப் போனார்கள். தோற்றதையும் அச்சில் போட்டுவிட்டு மறுநாள் அதே வேலைக்கு வருகிற இந்தக் குணம்தான் இந்தத் துறையில் எனக்குப் பிடித்த பொருள்.

அதே ஏரியா 25 இன்னொரு வழியிலும் உதவியிருக்கிறது. மண்டைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்துத் தூண்டும் சிகிச்சை பல வருஷமாக உண்டு. நெற்றிப் பக்கம் எந்தப் புள்ளியில் வைப்பது என்பதுதான் தகராறு. எஃப்எம்ஆர்ஐ, அதாவது எனக்கு எடுத்த மாதிரி இரத்தத்தைப் பார்க்கிற எம்ஆர்ஐ எடுத்து, அந்த நோயாளியின் மூளையில் ஏரியா 25 ஏறும்போது இறங்குகிற புள்ளி எது என்று கண்டுபிடித்து அங்கே வைக்கலாம் என்று ஸ்டான்ஃபோர்டில் ஒரு முறை கொண்டுவந்தார்கள், ஒரு நாளைக்குப் பத்து அமர்வு வீதம் ஐந்து நாள். 2022-ல் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. முடிவுகள் பிரமாதம், ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை. தவிர, பலன் கொடுத்தது ஸ்கேன் காட்டிய புள்ளியா, ஐந்தே நாளில் ஐம்பது அமர்வு என்ற அடர்த்தியா என்று இன்னும் பிரித்துச் சொல்ல முடியாது. சின்ன ஆய்வைப் பற்றி மேலே அவ்வளவு எழுதிவிட்டு இதை மட்டும் கைதட்டி வரவேற்றால் மீன் சிரிக்கும்.

2024-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒன்று வேறு வழியில் போனது. நிறையப் பேரை ஒரு தடவை எடுப்பதற்குப் பதில் கொஞ்சம் பேரைத் திரும்பத் திரும்ப, மாதக்கணக்கில் எடுத்தார்கள். எதைக் கவனிக்க வேண்டும், எது முக்கியம் என்று தரம் பிரிக்கிற ஒரு வலைப்பின்னல், மனச்சோர்வு உள்ள பெரும்பாலோரின் மூளையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் மனச்சோர்வு வந்த பிள்ளைகளிடம் வருவதற்கு முன்பே அது அப்படி இருந்தது. மனநிலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பரப்பு மாறவில்லை. அதாவது அது இன்றைய வருத்தத்தின் அளவு கிடையாது, வருத்தம் வரக்கூடிய வீட்டின் வாகு. இதை அந்த அம்மா சொன்னபோதுதான் என்னை ஏன் நாலு தடவை வரச் சொல்கிறார்கள் என்பதும் விளங்கியது.

குறைகள் எழுதாவிட்டால் விமர்சனம் ஆகாது. அறை குளிர், போர்வை ஒன்றுதான், கேட்டால் இன்னொன்று தருகிறார்கள் ஆனால் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம், முன்னால் போனவர் பாதியில் பந்தை அமுக்கிவிட்டாராம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனது வரவில்லை. ஆய்வு முடிந்தால் முடிவைத் தெரிவிப்போம் என்றார்கள், எப்போது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கூண்டுக்குள் அடைபடப் பயம் உள்ளவர்கள் யோசித்துப் போங்கள், முன்கூட்டியே சொன்னால் காந்தம் இல்லாத பொம்மை ஸ்கேனரில் பத்து நிமிடம் படுக்க வைத்துப் பழக்குகிற இடங்களும் உண்டு. நிறைகளில் ஒன்று: தற்செயலாக எதுவும் தென்படவில்லை என்று இரண்டு வாரத்தில் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்.

நான் கேட்ட படத்தையும் கொடுத்தார்கள், ஒரே ஒரு தாள், பக்கவாட்டுத் தோற்றம், கறுப்பு வெள்ளை. வீட்டில் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு" என்றாள் மனைவி. ஆமாம், நல்லாத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றேன். இரண்டு வருஷத்தில் இதை நான் அவளிடம் நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, அப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்க ஆரம்பித்தாள். ஹாமில்டன் கேள்வித்தாளில் பாதியை அவளே கேட்டு முடித்துவிட்டாள்.

இரண்டாவது ஸ்கேனும் போன வாரம் முடிந்தது. இந்தத் தடவை கூட்டல் குறியைப் பார்த்தபடியே தூங்கிவிட்டேன், குறட்டை விட்டதில் தலை அசைந்து அந்த எட்டு நிமிடத் தரவைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டதாம். டெக்னீஷியன் தம்பி வருத்தமாகச் சொன்னார். தூக்கமே வராமல் இருந்தவன் நூறு டெசிபல் சத்தத்தில் தூங்கியிருக்கிறேன் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவதுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: உள்ளே படுக்கும் முன் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள், அதை எந்தப் படிவத்திலும் எழுதியிருக்கவில்லை.